அறுபத்து நான்கு கோடுகள்

மூக்கு அரித்தது. சொறியக் கையைத் தூக்கினார் மருத்துவர். கை படுக்கையிலேயே கிடந்தது.

ஸ்பிரிட்டின் வாடையும், மூளை அலைகளை அளக்கும் தொப்பிக்குள் மண்டையெங்கும் அப்பியிருந்த களிம்பின் குளிர்ச்சியும், முகமூடி வழியே காற்றைத் தள்ளும் இயந்திரத்தின் புஸ் புஸ் சத்தமும், திரைச்சீலையில் வழிந்த மதிய வெயிலும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தன. மயக்கம்தான் வரவில்லை. எந்தச் சோதனையையும் நோயாளிக்குச் செய்யுமுன் தானே படுத்துப் பார்ப்பது அந்த ஆய்வகத்தில் அவர் வைத்த வழக்கம். தொப்பியை மாட்டிய டெக்னீஷியன், "முடி கம்மி, எனக்கு வேலை மிச்சம் சார்" என்று சிரித்திருந்தான். அவன் மனைவி இறந்த பிறகு அவன் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"மயக்க மருந்து போடல சார். தசையை நிறுத்துறது மட்டும்தான் போட்டேன்."

குரல் தலைமாட்டிலிருந்து வந்தது.

"கேக்குதுன்னா, வலது கையை மடக்குற மாதிரி நினைங்க."

நினைத்தார். உயிரைக் கொடுத்து நினைத்தார். எதிரே திரையில் மூளையின் கோடுகள் சில எகிறின. அப்பாடா. பார்த்துவிட்டான்.

"எகிறுது. இதே கட்டில்ல அவளுக்கும் எகிறிச்சு. மூணு தடவை ஓடி வந்து காட்டினேன். 'தம்பி, மூளை அசையுறது வேற, உள்ள ஆள் இருக்கிறது வேற. கோட்டை வெச்சு அதை நிரூபிக்க முடியாது'ன்னீங்க. மறுநாள் மூச்சுக் கருவியைக் கழட்டச் சொன்னீங்க."

இருக்கிறேன். உள்ளே இருக்கிறேன். கோடுகள் துள்ளின.

"நானும் தலையாட்டினேன் சார். படிச்சவன் இல்லையா."

நாற்காலி இழுபட்டது. அவரது கட்டைவிரலைத் தூக்கி, நகத்தின்மேல் பேனாவைக் குறுக்கே வைத்தான். வலிக்கு அசைகிறாரா என்று பார்க்கும் சோதனை. அவர் கற்றுக்கொடுத்தது. அவள் விரலில் அவரே செய்தது.

அழுத்தினான்.

வலி. தோள்வரை. கத்தினார். உதடு பிரியவில்லை. இமை மூடவில்லை.

புஸ். புஸ்.

திரையில் அறுபத்து நான்கு கோடுகளும் ஒருசேர எழுந்து நின்றன.

"அசைவு இல்லை," என்று படிவத்தில் எழுதினான். "இன்னும் ஒன்பது இருக்கு சார்."

அடுத்த விரலை, தூங்கும் குழந்தையின் கையைப் பிரிப்பதுபோல, மெல்லப் பிரித்தெடுத்தான்.