காயாத சந்து

மற்றதெல்லாம் காய்ந்துவிட்டது. ஆறு, கோட்டை மதில், கடைத்தெரு, வரிசை வரிசையான செங்காவிக் கூரைகள் எல்லாம் விரலை வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க, அந்தச் சந்து மட்டும் இப்போதுதான் தூரிகையை எடுத்தது போல ஈரமாகவே இருந்தது.

அவள் பழைய நகர வரைபடங்களைப் பார்த்துக் கேன்வாஸில் கையால் வரைந்து விற்பவள். சோபாவுக்குப் பின்னால் மாட்ட வாங்கிப் போகிறவர்கள் அந்த ஊர் என்ன ஆனது என்று கேட்க மாட்டார்கள். திரைச்சீலைக்கு ஒத்துப்போகுமா என்றுதான் கேட்பார்கள். அவள் முதுகொடிய வரைந்ததைப் போட்டோ எடுத்து அச்சடித்து விற்கிற புண்ணியவான்களும் உண்டு. அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒவ்வொரு படத்திலும் மூலத்தில் இல்லாத சந்து ஒன்றைப் பொய்யாக நுழைத்துவிடுவாள்.

இந்த முறை சொந்த ஊரின் பழைய வரைபடம். பொய்ச் சந்துக்கு இடம் தேடி அவள் மூளையைக் கசக்கவில்லை. மகளின் பள்ளிக்கூடத் தெருவுக்கும் தங்கள் தெருவுக்கும் நடுவில், இப்போது தையல்கடை இருக்கும் இடத்துக்குப் பின்னால், கூரைகளைப் பிளந்து ஒரு கோடு இழுத்தாள். போகிற போக்கில் அதில் ஒரு வீட்டையும் போட்டுவைத்தாள்.

படங்களுக்குச் சட்டம் அடிக்கிற கணவன் தொட்டுப் பார்த்து, எண்ணெய் கூடியிருக்கும் என்றான். ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெயில் நேராக விழுந்தும் பயனில்லை. கிட்டே போய் முகர்ந்தபோது, பெயிண்ட் நெடிக்கு அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுங்கிய வாடை அடித்தது.

அன்று மகள் வழக்கத்தைவிட முன்னாலேயே வீடு வந்துவிட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, ஷூவைக் கழற்றியபடியே சொன்னாள்.

"தையல்கடைக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கும்மா. புகுந்து வந்தா நம்ம தெருதான். ஒரே ஒரு வீடு. அங்க ஒருத்தங்க கதவுக்கு உள்ள நின்னுக்கிட்டு, உங்கம்மா வரைஞ்சது காஞ்சிடுச்சான்னு கேட்டாங்க."

அவள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் இல்லன்னேன். நல்லதுன்னு சொன்னாங்க."

இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று அதட்டினாள். வாலு எல்லாவற்றுக்கும் போல இதற்கும் தலையாட்டினாள். கணவன் சிரித்தான். யாராவது சுவரை இடித்திருப்பார்கள், பிள்ளை பேச்சைக் கேட்டுப் படத்தில் கைவைக்காதே என்றான்.

காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே தையல்கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். சந்து இருந்தது. படத்தில் அவள் இழுத்த கோடு கோணிய இடத்தில், அங்கே சுவர்களும் கோணியிருந்தன. உள்ளே ஒரு கதவு மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தாள்.

பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே அதை மூடிவிட வேண்டும். வேறு எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. சந்தின் வாயிலிருந்து தொடங்கி, செங்காவியைக் குழைத்துக் கூரைமேல் கூரையாக வைத்தாள். வைக்க வைக்க அடியிலிருந்த ஈரம் அதைக் குடித்தது. மறுபடி வைத்தாள். சோறு தண்ணீர் மறந்தாள். வெளியே வானம் இருட்டி மழை பிடித்ததும் தெரியவில்லை. கடைசிக் கூரையை வைத்தபோது, பெயிண்ட் தொட்ட உடனே காய்ந்தது.

அப்பாடா என்று நிமிர்ந்தாள். தெருவில் பிள்ளைகள் நனைந்தபடி கத்திக்கொண்டு போனார்கள். பள்ளி விட்டிருந்தது.

வாலு வரவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். தையல்காரர் தைப்பதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்க பொண்ணா? இப்பதான் பின்னாடி சந்துக்குள்ள ஓடுச்சு. மழைக்கு."

பின்னால் சுவர். பழைய, பாசி பிடித்த சுவர்.

வீடு. படம். செங்காவிக் கூரைகள், காய்ந்து, இறுகி.

காதை வைத்தாள். கேன்வாஸுக்கு உள்ளே, மிகத் தொலைவில், யாரோ கதவைத் தாழிட்டார்கள். பிறகு, கிட்டத்தில், பிறாண்டும் சத்தம்.

கூரைகளின் நடுவே பெயிண்ட் மெல்லப் புடைத்தது. சின்னச் சின்னதாக, பக்கத்தில் பக்கத்தில். ஐந்து.

"அம்மா இங்கதான் இருக்கேன்டா," என்றாள்.

சுரண்டும் கத்தியை எடுத்தாள். ஓரமாக, மெதுவாக, மூச்சுக்கூட விடாமல் ஒரு கீறல். செங்காவி உரியவில்லை. கத்தி நுனியில் வந்தது வேறு சிவப்பு. சூடாக இருந்தது.

உள்ளே சத்தம் நின்றது.

புடைப்புகள் இப்போது நான்கு. அவை பயந்து விலகவில்லை. அம்மாவின் கை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, கத்தியை நோக்கி நகர்ந்து வந்தன.