யானை போன செய்தி

மைக் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கனகமணி முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தாள். பந்தலூர்ப் பக்கத்தில் ஆடி மழைக்கு ஒழுகாத கூரை அபூர்வம். தேயிலைத் தொழிற்சாலையின் அந்த ஆபீஸ் அறையும் விலக்கல்ல. ஆனால் இன்று ஓடுகள் உலர்ந்தே இருந்தன. ஓசை ஒலிபெருக்கிக்குள்ளிருந்துதான் வந்தது. எங்கோ ஆழத்தில், நாலு புறமும் அடைபட்ட ஓர் இடத்தில், தேங்கிய நீரின்மேல் ஒரு துளி விழுந்து, அதன் எதிரொலி சுவரைத் தொட்டுத் திரும்பி வந்து சேர்ந்த பிறகே அடுத்த துளி விழுவதுபோல, அவ்வளவு நிதானமாக.

"மைக்கே மாட்டல, அதுக்குள்ள சத்தம் வருதே தம்பி?" என்றாள்.

கோயம்புத்தூரிலிருந்து புதிய அறிவிப்புக் கருவியைப் பொருத்த வந்திருந்த கமலேஷ், இரும்பு அலமாரியின் பின்புறத்தில் தலையை நுழைத்து ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"புது மாப்பிள்ளைங்க்கா. மொத நாளு கொஞ்சம் முனகத்தான் செய்வாரு," என்றான் அங்கிருந்தபடியே. பிறகு வெளியே வந்து, சிவப்பு விளக்கு எரிந்த ஒரு சிறு பெட்டியைத் தட்டிக் காட்டினான். "இதுதானுங்க ப்ரீஆம்ப். மைக்குல வர்ற சத்தம் எறும்பு நடக்கறாப்புலீங்க. இது அதைத் தூக்கி நிறுத்தும். அப்பறம் பெரிய ஆம்ப்ளிஃபயரு எஸ்டேட் பூராவும் கொண்டு போயிரும்."

"இல்லாத சத்தத்தையும் கொண்டு வருமா?"

"அதெப்படீங்க? இருக்கறதைத்தான் பெருசாக்கும். இல்லாததை எந்த மெசினும் உண்டாக்காதுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். கனகமணி சிரிக்கவில்லை.

அந்த எஸ்டேட்டுக்கு அவள்தான் குரல். கொழுந்து எடைபோடும் நேரம், டாக்டர் வரும் நாள், தண்ணீர் வராத சேதி எல்லாம் இந்த அறையின் பழைய மைக் வழியே அவள் வாயிலிருந்துதான் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் போயின. எல்லாவற்றையும்விட அதிகமாகப் போனது யானைச் சேதி. பலாப்பழ வாசனைக்கு யானைகள் வீட்டு வாசல்வரை வரும் ஊர் அது. யானை நிற்கிறது என்று கனகமணி சொன்னால் கதவுகள் சாத்தப்படும். யானை போய்விட்டது என்று அவளே மறுபடி சொல்லும்வரை ஒரு தாழ்ப்பாளும் விலகாது. அந்த ஒழுக்கத்தினால் பல வருடங்களாக யாரும் யானையிடம் அகப்பட்டதில்லை.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு, இப்படியொரு மங்கலான பிற்பகலில், கீழ் லைனின் பலாமரத்தடியில் ஒற்றைக் கொம்பன் வந்து நின்றது. அவள் சொன்னாள். எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். அவர்களில் அவளுடைய கணவன் வடிவேலும், ஆறு வயது மகள் தாரிணியும் இருந்தார்கள். யானை காட்டுக்குள் திரும்பிவிட்டதாக வாட்சர் வந்து சொல்லவும், அவள் மைக்கைக் கையில் எடுக்கவும், மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. பிறகு மலை சரிந்து கீழ் லைன்மேல் இறங்கியது.

மேல் வரிசைகளைத் தோண்டி எடுத்தார்கள். வடிவேலும் தாரிணியும் இருந்த கடைசி வரிசையை எடுக்க முடியவில்லை. தோண்டத் தோண்ட மண் சரிந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் பூப் போட்டு, பால் ஊற்றி, கம்பி வேலி கட்டினார்கள்.

"நீ சொன்னது சரிதானேம்மா. யானை நின்னுச்சு, சொன்னே," என்று பெரிய கிளார்க் சிவகுரு தேற்றினார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். சொல்ல வேண்டிய மிச்சச் சேதி மட்டும் அன்றிலிருந்து அவள் தொண்டையில் விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றது.

கமலேஷ் அலமாரியின் பின்னாலிருந்து ஒரு ஒயரை இழுத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அட, எம்பட தப்புங்க்கா. ஈரத்துல லேபிளெல்லாம் இத்துப் போச்சு. மைக்கு ஒயருன்னு நெனச்சு, குழாய் ஸ்பீக்கருக்குப் போற ஒயரைக் கொண்டாந்து ப்ரீஆம்புல சொருகியிருக்கறேன்."

"சொருகினா?"

"குழா ஸ்பீக்கரும் மைக்கும் அண்ணன் தம்பிங்க. திருப்பிப் போட்டா, பேசறதுக்குப் பதிலா அது கேக்க ஆரம்பிச்சிரும். எங்கயோ ஒரு குழாய் காது கொடுத்துட்டிருக்குது. இந்தா, மேல இருக்கற இந்தத் துவாரத்துல சொருகினா நாம கேக்கலாம். கீழ இருக்கறதுல சொருகினா நாம பேசலாம். எந்த லைனுங்க இது?"

கனகமணி ஒயரைக் கண்ணால் தொடர்ந்தாள். அது சுவரேறி, ஜன்னலைத் தாண்டி, பிரட்டுக் களத்தின் ஓரமாக, காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் அந்த வெற்றுத் திடலின் ஓரமாகச் சென்று, சரிவில் மூடுபனியாய் இறங்கியிருந்த மஞ்சுக்குள் மறைந்தது.

"கீழ் லைன்," என்றாள்.

அவனுக்கும் அந்தக் கதை தெரியும். கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

"ஒயரு அன்னைக்கே அறுந்திருக்கோணுமுங்களே," என்று மெல்லச் சொன்னான். "மண்ணுக்குள்ள குழாய் இன்னும் உசுரோட இருக்குதாட்டம்."

சொன்ன பிறகுதான் சொல் உறைத்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "தண்ணி எறங்கின லைனுங்க்கா, வெச்சிருக்கக் கூடாது. மொத்தக் கரண்டையும் இதே குடிச்சிரும். இப்ப ஆளுங்க குடியிருக்கற புது லைன் குழாயெல்லாம் கிசுகிசுன்னுதான் பேசும். பொழுதோட பெருமழைன்னு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து சொல்லியிருக்கறாங்க. நானு போயி அங்க எல்லாத்தையும் பாத்துட்டு, வர்ற வழியில போஸ்ட்டுல இதை வெட்டி உட்டுடறேன்."

அவன் போனான். மஞ்சு அவனை முதலில் முழங்கால்வரை, பிறகு தோள்வரை, பிறகு குடையோடு சேர்த்து விழுங்கியது.

அறையில் வறுத்த தேயிலையின் மணமும் நனைந்த சாக்கின் நெடியும் கலந்து நின்றன. பகலென்றுதான் பேர், ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தது. தொழிற்சாலையின் உருளைகள் அன்று ஓடவில்லை. ஆகவே துளி விழும் ஓசை அறை முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. கனகமணி வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எழுந்து போய், ப்ரீஆம்பின் குமிழை வலப்புறம் திருகினாள்.

துளி பெரிதாயிற்று. அதன் பின்னால் ஓர் இரைச்சல் இருந்தது. அந்த இரைச்சல் ஒரே சீராக இல்லாமல் ஏறியும் இறங்கியும் வந்தது. சற்று நேரம் கேட்ட பிறகுதான், அது ஓர் இரைச்சல் அல்ல, பல இரைச்சல்கள் என்பது புரிந்தது. இடுக்கமான இடத்தில் பல பேர், தாங்கள் அங்கிருப்பதை வெளியே இருக்கும் எதுவோ அறிந்துவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கி விடும் மூச்சு. ஒரு பலகை முனகியது. யாரோ தொண்டையைச் செருமப் போய், பாதியில் விழுங்கினார்கள். அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். பீடிப் புகையேறிய அந்த நெஞ்சில் தலைவைத்து அவள் எத்தனையோ இரவுகள் தூங்கியிருக்கிறாள்.

குமிழை இன்னும் திருகினாள்.

"அப்பா, செருமாத. அதுக்குக் கேட்டுரும்."

கனகமணி குமிழை விடாமல் ஒலிபெருக்கியருகே காதைக் கொண்டுபோனாள்.

"அம்மா சொல்லட்டும். அப்புறம் செருமு."

தாரிணிக்குத் தினமும் தூங்கும்முன் ஒரே கதை வேண்டும். புல்லுக்குள் குட்டியைப் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும் புள்ளிமானின் கதை. நான் கூப்பிடும்வரை காதைக்கூட ஆட்டக் கூடாது என்று தாய்மான் சொல்லும். நரி வந்து மோந்து பார்க்கும், குட்டி அசையாது. மழை கொட்டும், அசையாது. பசிக்கும், அசையாது. தாய் கூப்பிட்டதும் துள்ளிக்கொண்டு எழும். மற்றப் பிள்ளைகள் நரி வரும் இடத்தில் பயப்படுவார்கள். தாரிணி மட்டும் தாய் கூப்பிடும் இடம் வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா," என்றது ஒலிபெருக்கி. மிக அருகில், மண்ணுக்குள் இருந்த குழாய் ஸ்பீக்கரின் கூம்பு வாயில் உதட்டை வைத்ததுபோல. "யானை போயிருச்சா?"

"தங்கமே," என்றாள் கனகமணி. ஆனால் அந்த ஒயர் இப்போது கேட்கும் ஒயர்; அவள் சொன்னது அறைச் சுவரைத் தாண்டவில்லை.

"தண்ணி தாகமா இருக்கும்மா. நான் எந்திரிக்கல. அசையவே இல்ல."

இரண்டு மழைக்காலம். மண்ணுக்கடியில் எந்தப் பிள்ளை இரண்டு மழைக்காலம் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும்? உட்கார்ந்திருப்பது எது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடிவிடு என்று புத்தி சொன்னது. அவளால் முடியவில்லை. அது எதுவானாலும் சரி; அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அசையாமல் காத்துக்கொண்டிருந்தது.

கைபேசியை எடுத்துக் கமலேஷை அழைத்தாள். "தம்பி, கீழ் லைனை வெட்டாத. நாளைக்கு வெட்டிக்கலாம்."

"ஏனுங்க்கா, அது குடிக்கறதுல இங்க ஒரு குழாயும் வாயைத் தொறக்க மாட்டேங்குதுங்க. ராத்திரி மண்ணு எறங்குச்சுன்னா இத்தனை குடும்பத்துக்கு யாருங்க சொல்றது? கைப்புள்ளைங்க தூங்குதுங்க." அவன் குரலில் கோபம் இல்லை. "போஸ்ட்டுக்குத்தான் போயிட்டிருக்கறேன்."

புது லைனில் இருப்பவையும் பிள்ளைகள்தான்.

வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் ஒரு சொல்லும் போகாது. தாரிணி காத்துக்கொண்டே இருப்பாள். எத்தனை மழைக்காலமானாலும்.

கனகமணி அட்டைப்பெட்டியைக் கிழித்து மைக்கை எடுத்தாள். மாட்டினாள். ஒயரின் பிளக்கை மேல் துவாரத்திலிருந்து பிடுங்கினாள். மூச்சொலிகள் அறுந்தன. கீழ்த் துவாரத்தில் சொருகினாள். குரல் நடுங்கவில்லை. அது பல வருடப் பழக்கம்.

"கவனிக்கவும். கீழ் லைன் வீடுகளில் இருப்பவர்கள் கவனிக்கவும். யானை போய்விட்டது. எல்லோரும் வெளியே வரலாம்." நிறுத்தினாள். "தாரிணி. அம்மாதான் சொல்றேன். வா தங்கம்."

சொல்லிவிட்டாள். தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது.

பிளக்கை மறுபடி மேல் துவாரத்துக்கு மாற்றினாள்.

துளிகூடக் கேட்கவில்லை.

பிறகு, ஒரு தாழ்ப்பாள் விலகியது. துருவேறிய, கனத்த தாழ்ப்பாள். அடுத்து இன்னொன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

காலடிகள். ஈர மண்ணில் புதைந்து, உருவி எடுத்து வைக்கும் காலடிகள். பல. ஒருவரும் பேசவில்லை. கூம்பைக் கடந்து போயின. தேய்ந்தன.

கைபேசி ஒலித்தது.

"அக்கா." கமலேஷ் குரலைத் தாழ்த்திப் பேசினான். "கீழ இருந்து ஆளுங்க மேல ஏறி வந்துட்டே இருக்கறாங்களே, இந்நேரத்துல பிரட்டுங்களா? உடம்பு பூராச் சேறு. குடை கொடுத்தேன், ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. கண்ணுல..." மூச்சு வாங்கினான். "அக்கா, இவங்க கண்ணுலயும் மண்ணு இருக்குதுங்க."

"தம்பி, எங்க இருக்க?"

"போஸ்ட்டுலதானுங்க. ஒயரு மேல கட்டிங் பிளேயரை வெச்சுட்டேன்."

அப்போது ஒலிபெருக்கி பேசியது.

"அம்மா. கதவு தொறக்க வரல."

கனகமணியின் கையிலிருந்து கைபேசி நழுவியது.

"அப்பா முன்னாடி போயிட்டாங்க. நடுவுல இந்த ரூமுக் கதவு மூடிக்கிச்சு. தள்ளித் தள்ளிப் பாக்கறேன். அம்மா, நீ வந்து..."

டக்.

ப்ரீஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. குமிழைக் கடைசிவரை திருகினாள். ஒன்றும் இல்லை.

ஜன்னல்.

மஞ்சு விலகவில்லை, ஆனால் அதற்குள் பிரட்டுக் களம் நிறைந்திருந்தது. வரிசை வரிசையாக. ஆணும் பெண்ணும். மண்ணின் நிறத்தில். மழை அவர்கள்மேல் பெய்தது; மண் கரையவில்லை. பேர் கூப்பிடக் காத்திருப்பவர்களைப்போல எல்லா முகமும் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்திருந்தது.

முன்வரிசையில் வடிவேல்.

சற்றுச் சாய்ந்து நின்றான். வலது கை கீழே தொங்கியது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்தில், ஒரு சின்னக் கையைச் சுற்றி மூடியதுபோல விரல்கள் மடிந்திருந்தன. அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை.

மண் அடைத்த கண்களோடு, மெதுவாக, அவளை நோக்கி நிமிர்ந்தான்.