குறுக்குக்கோடு போடாத தாள்

கரைத்தீவில், கடல்நீர்க் களப்பைப் பார்த்தபடி நின்ற பழைய உப்புக் கிட்டங்கிக்கு மர்ளியா வந்து சேர்ந்தது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசியில், பகல் பதினொரு மணிக்கு. பல்கலைக்கழகப் புவியியல் துறையின் வெளிக்கள அலுவலகம் அது. புதுக் கணினிகள் மூன்று வந்திருந்தன. பழையதைக் கழிக்க வேண்டும். பொருட்களுக்குப் பொறுப்பான அவளுடைய கையெழுத்தில்லாமல் அங்கே ஓர் உடைந்த கதிரையைக்கூட எறிய முடியாது.

அந்தப் பழைய கணினிக்குள்தான், பிள்ளைகளே, துறையின் இளம் ஆய்வாளன் ஜபாரின் இரண்டு வருட உழைப்பு இருந்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்களின் முகாம்களுக்கெல்லாம் போய், யாருக்கு எங்கே காணி, எந்தக் கிணறு, எத்தனை தென்னை என்று கேட்டுக்கேட்டுப் பதிந்தவன் அவன். மர்ளியாவின் உம்மா விட்டுவந்த வீடும் அதில் இருந்தது. காணி உறுதிப் பத்திரங்கள் ஓடிவந்த வழியிலேயே தொலைந்துவிட்டன. அந்தப் பதிவுதான் மிச்சம்.

"ராத்தா, இத மட்டும் கழிக்க விட்டுடாதீங்க," என்று ஜபார் கேட்டிருந்தான்.

"நான் இரிக்கும்வரை விடமாட்டன் தம்பி," என்று அவளும் சொல்லியிருந்தாள்.

போன மாதம் களப்பில் தோணி கவிழ்ந்து அவன் மௌத்தாகிவிட்டான்.

"எல்லாத்தையும் புதுசில ஏத்தியாச்சு மர்ளியா," என்றார் துறைத்தலைவர் ஹாசிம். "நானும் உங்கட ஊரான்தானே. என்னையே சந்தேகப்படுறீங்களா?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கழிவுப் பட்டியலில் ஒரே ஒரு பொருள்தான்: பழைய கணினி, திருத்த முடியாது, கழிக்கவும். அதன்கீழ் வெற்று வரிகள். அடியில் கையெழுத்துக்கான இடம். பிறகு யாரும் எதையும் சேர்க்காதபடி வெற்றிடத்தில் குறுக்குக்கோடு இழுப்பது அவள் வழக்கம். அன்று வெட்கத்தில் கோடு போட மறந்து கையெழுத்தை மட்டும் போட்டாள்.

ஹாசிம் வாகனமேறிப் போனார். தொழிலாளி இராசையா கணினியை முற்றத்தில் வைத்துச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். பிறகு சுத்தியல் விழுந்தது.

உம்மாவின் வீட்டைப் பார்ப்போமென்று மர்ளியா புதுக் கணினியைத் திறந்தாள்.

வெறுமை.

இரண்டாவதிலும் வெறுமை. மூன்றாவதிலும்.

"சேர் ஒண்டும் ஏத்தேல்லப் பிள்ளை," இராசையா வாசலில் நின்று மெல்லச் சொன்னார். "அந்தக் காணிப் பதிவு மேலிடத்துக்குப் பிடிக்கேல்லையாம். உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

காற்று நின்றுவிட்டது. அறைக்குள் களப்புச் சேற்றின் வாடை மெல்ல ஏறியது.

டக்.

முற்றத்தில் உடைந்த கணினியின் விசைப்பலகை கிடந்தது. அதன் வயர் எதிலும் செருகியிருக்கவில்லை.

டக். டக்.

விசைகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தெழுந்தன. எழும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீர்த்துளி.

இராசையா தலையில் கைவைத்தபடி படலையைத் தாண்டி ஓடினார்.

மேசையிலிருந்த கழிவுப் பட்டியல் தாள் நனைந்திருந்தது. மர்ளியா குனிந்து பார்த்தாள். அவள் கோடு போடாத இடமெங்கும் எழுத்து. ஹவ்வா உம்மாவின் கிணறு, திருத்த முடியாது, கழிக்கவும். சாரா உம்மாவின் தென்னந்தோட்டம், திருத்த முடியாது, கழிக்கவும். வரிவரியாக அப்படியே. கடைசியில், அவளுடைய உம்மாவின் வீடு.

எல்லாவற்றுக்கும் அடியில் அவள் கையெழுத்து.

"எனக்குத் தெரியாது தம்பி," என்றாள் முற்றத்தைப் பார்த்து. "என்னய ஏமாத்திட்டாங்க."

ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. மர்ளியா பேனாவை எடுத்து அதன்மேல் கோடு இழுக்கப் போனாள்.

டக். டக். டக்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, பேனா முனைக்கு முன்னால் எழுத்துகள் ஊறி வந்தன.

"ராத்தா, கையெழுத்து உங்கடதானே."