பச்சைப் பொடியும் பட்டாணியும்

மாடியில் குடியிருந்த தையல்கார அக்கா, காலையில் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"இது மாட்சா. பச்சைத் தேயிலையை மாவா அரைச்சது. சாயங்காலம் வர்றேன், எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அப்பா பொடியைத் தம்ளரில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். ஒரு வாய் குடித்ததும் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

"நான் சுவருக்கு அடிக்கிற பச்சையே தேவலை."

அப்பா பெயின்டர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அம்மாவின் தம்ளரில் கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது. "கசப்பு உச்சந்தலைக்கு ஏறுது," என்று அதைத் தள்ளி வைத்தார்.

"அக்கா கேட்டா என்னப்பா சொல்றது?" என்றாள் பட்டாணி. வயது ஒன்பதாகியும் அந்தச் செல்லப்பெயர் அவளை விடவில்லை.

"பிரமாதம்னு சொல்லிட்டா போச்சு."

பட்டாணிக்கு மனசு கேட்கவில்லை. அவளுடைய கிழிந்த பள்ளிப் பையை, கேட்காமலே தைத்துக் கொடுத்தவர் அந்த அக்கா. அவரிடம் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னாலோ அவர் முகம் வாடிவிடும்.

பள்ளி விட்டு வந்ததும் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். மழை நின்றதும் புல்தரையில் வருமே, அந்த வாசனை. இவ்வளவு நல்ல வாசனை உள்ளது ஏன் இப்படிக் கசக்க வேண்டும்?

முதலில் அந்தக் கட்டியை ஒரு கை பார்ப்போம் என்று நினைத்தாள். அப்பா கலர்ப் பொடியைச் சலித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்த பிறகுதானே மீதித் தண்ணீரை ஊற்றுவார்?

அம்மா வெந்நீர் வைத்துத் தந்தார். பட்டாணி டீ வடிகட்டியில் பொடியைப் போட்டுக் கரண்டியால் தேய்த்தாள். அது லேசில் இறங்கவில்லை. நடுவில் ஒரு தும்மல் வந்து மூக்கெல்லாம் பச்சையானது.

சலித்து முடிப்பதற்குள் வெந்நீர் பாதி ஆறிவிட்டது.

"மறுபடி சுட வைக்கட்டுமா?" என்றார் அம்மா.

"வேணாம்மா, இதுலயே பார்ப்போம்."

குழைத்தாள், ஊற்றினாள், முள்கரண்டியால் நுரை வரும்வரை அடித்தாள். கொஞ்சம் குடித்துப் பார்த்தாள். வழவழப்பாக, லேசான இனிப்போடு இறங்கியது. கசப்பு கடைசியில்தான் வந்தது.

"அம்மா, கசப்பு வருது. ஆனா சண்டைக்கு வரல."

அம்மாவும் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். "அப்போ காலையில கொதிக்கிற தண்ணிதான் கெடுத்திருக்கு."

அக்கா வந்தபோது, அப்பா "பிரமா..." என்று ஆரம்பித்தார். பட்டாணி முந்திக்கொண்டாள்.

"காலையில நல்லா இல்லக்கா. இப்போ நல்லா இருக்கு. குடிச்சுப் பாருங்க."

அக்கா குடித்தார். தம்ளரை ஒரு முறை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"துணி தைக்கக் கொடுக்கிறவங்க ஒருத்தர் ரெண்டு டப்பா கொடுத்தாங்க. ஒரு வாரமா நானும் கண்ணை மூடிட்டு முழுங்குறேன். ஒருவேளை என் நாக்குதான் சரியில்லையோன்னு உங்ககிட்ட ஒண்ணு கொடுத்துப் பார்த்தேன்."

"அப்போ எங்களை வச்சு வெள்ளோட்டம் விட்டீங்களா?" என்றார் அப்பா.

அக்கா அசடு வழியச் சிரித்தார். "மேல வந்து எனக்கும் சொல்லித் தர்றியா, பட்டாணி?"

பட்டாணி வடிகட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு முன்னால் படியேறினாள். மற்ற மூவரும் தங்கள் தம்ளர்களோடு அவள் பின்னால் போனார்கள்.