பின்வாசல் கூரைக்கு வந்த தடை

"ஏழு மாசம் சார். இந்நேரம் குறைமாசப் புள்ளையே பொறந்திருக்கும். இவங்களால ஒரு முத்திரை குத்த முடியல!"

நர்ஸம்மா ஃபைலை மேசைமேல் போட்ட வேகத்தில் டேப்புக்காரரின் டீ தளும்பியது. முப்பது வருடம் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சட்டைப்பையில் இன்னமும் அளவு நாடாவோடு திரிவதால் அந்தப் பெயர். அனுமதிச் சிக்கல் என்றால் ஊரே அவரிடம்தான் வரும். சிந்திய டீயைத் துடைத்துவிட்டு, "உக்காந்து சொல்லும்மா" என்றார். நகல் கடை வைத்திருக்கும் அவர் மைத்துனன் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டான். துப்புத் துலக்கும் வேலை என்றால் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிடுவான்.

நர்ஸம்மாவின் கணவர் பஸ் டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, சக்கர நாற்காலியோடு முன்னறையில் முடங்கிவிட்டார். வாசலிலும் படி, பின்பக்கமும் படி. அவர் காற்றாட உட்காரட்டும் என்று, பின்வாசலை ஒட்டித் தரையை உயர்த்தி, தூண் நிறுத்தி, கூரை போட நினைத்தார் நர்ஸம்மா.

"முதல் தடவை, ரெண்டு தூண் பின்சுவருக்கு ரொம்பக் கிட்ட இருக்குன்னாங்க. எடுத்துட்டு வேற படம் வரைஞ்சு குடுத்தோம். அடுத்த தடவை வடக்கு அம்புக்குறி இல்லையாம். போட்டோம். மூணாவது தடவை அந்த அம்புக்குறி சின்னதா இருக்காம்! நாலாவது தடவை கவுண்டர்ல இருந்தவரு, 'நீங்க வேலையை ஆரம்பிங்கம்மா, தன்னால வந்துடும்'னாரு. ஆரம்பிச்சேன். வந்தது இதுதான்."

வேலையை நிறுத்த வேண்டும், கட்டியதைப் பத்து நாளில் இடிக்க வேண்டும் என்றது நோட்டீஸ். கூடவே, அலுவலக இணையதளத்தில் பெயரில்லாமல் யாரோ போட்ட புகாரின் நகல். மைத்துனன் உரக்கப் படித்தான்:

"அனுமதி இல்லாமல் எட்டுத் தூண்களோடு இந்த வீட்டின் பின்பக்கம் கட்டடம் எழும்புகிறது. காலை ஏழரைக்கே சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிடுகிறது. உடனே நிறுத்தவும்."

"பக்கத்து வீட்டுக்காரன்தான் மாமா! எழுதிக்கிறேன்."

"எழுதிக்கோ மாப்ள. பென்சில்ல எழுதிக்கோ."

மறுநாள் காலை இருவரும் அங்கே போனார்கள். பின்பக்கம் ஆறு தூண்கள் இடுப்பளவு எழும்பி, கம்பிகளை நீட்டிக்கொண்டு நின்றன. குட்டைச் சுவருக்கு அந்தப்புறம் தையல் மெஷினில் இருந்த பக்கத்து வீட்டு டெய்லர், கேட்பதற்கு முன்பே பொரிந்து தள்ளினார்.

"தூசி பூரா என் துணிமேலதான். எனக்குப் பிடிக்கலதான். அதை அந்தம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேனே, ஒளிஞ்சு எதுக்குங்க எழுதணும்?"

ஊரின் மறுகோடியிலிருந்து வந்து சேர்ந்த வரைபடக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாலு தடவை வரைஞ்சவன் சார் நான். இதை இடிச்சா என் பேரும் சேர்ந்துல்ல இடியும்?"

முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் டிரைவர் இருந்தார். வந்தவர்களுக்குத் தலையசைத்துவிட்டு மீண்டும் தெருவைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. டேப்புக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது முதல் படமாம்மா?"

"ஆமா சார். அவர் பாக்கட்டும்னு ஒட்டினேன். அப்புறம் மாத்த எங்க நேரம்?"

எல்லாரையும் அந்த அறைக்கே வரச் சொன்னார். "டெய்லர், பின்னாடி எத்தனை தூண்?"

"ஆறு. தினமும் அது மூஞ்சியிலதானே முழிக்கிறேன்."

"படம் வரைஞ்சவரே, உங்க கணக்கு?"

"ஆறுதான் சார். எட்டா இருந்ததுல ரெண்டை அழிச்சதே நான்தான்."

"புகார்ல எட்டுன்னு இருக்கு. அப்போ அதை எழுதினவர் கட்டடத்தைக் கண்ணால பாக்கல. முதல் படத்தை மட்டும் பாத்திருக்காரு."

"ஆபீஸ்காரன்தான் மாமா!" என்றான் மைத்துனன்.

"ஏழரை மணிச் சம்மட்டிச் சத்தம் ஆபீஸ் வரைக்குமா கேக்கும்? இவருக்குச் சத்தம் கேக்குது, கட்டடம் தெரியல. முதல் படம் மட்டும் தினமும் கண்ணு முன்னாடி இருக்கு."

மைத்துனனின் பென்சில் நின்றது. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். டிரைவர் நாற்காலியை மெல்லத் திருப்பினார்.

"நான்தான்."

நர்ஸம்மா அவர் முன்னால் போய் நின்றார். "உங்களுக்காகத்தானே நாயா அலைஞ்சேன்? நைட் டூட்டி முடிச்சு, தூங்காம அந்தக் கவுண்டர்ல போய் நின்னேனே!"

"எனக்காகத்தான். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இருபத்திரெண்டு வருஷம் ரோட்டைப் பாத்தே வாழ்ந்தவன். மிச்சம் இருக்கறது இந்த ஜன்னல். என்னைப் பின்னாடி கொண்டுபோய்ச் சுவரைப் பாத்து உக்கார வெச்சா, நான் செத்த கணக்குதான். உன் ஆசையைப் பாத்தப்போ சொல்ல வாய் வரல."

"வாய் வரல! புகார் எழுத மட்டும் விரல் வந்துச்சோ?"

டேப்புக்காரர் வெளியே போய் வாசல் படிகளை அளந்துவிட்டு வந்தார்.

"மூணு படி, ஒண்ணரை அடி உயரம். இதுக்குச் சிமெண்ட்ல சரிவு போட்டா நாற்காலி நேரா கேட்டுக்கே போயிடும். இவ்வளவு சின்ன வேலைக்கு அனுமதியே வேண்டாம்மா. விதியிலயே இருக்கு."

"அனுமதியே வேண்டாமா?" நர்ஸம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. "ஏழு மாசம்..."

"பின்னாடி நிக்கறதை என்ன மாமா பண்றது?"

"புகாரை வாபஸ் வாங்கிட்டா இடிக்காம நிறுத்தி வைப்பாங்க. அதுக்கு ஒரு படிவம் இருக்கு. மூணு பிரதி."

வரைபடக்காரர் பெருமூச்சு விட்டார்.

அடுத்த வாரம் சரிவு காய்ந்தது. டிரைவர் முதல்முறையாகத் தானே சக்கரத்தைத் தள்ளிக் கேட் வரை போனார். அவருடைய பழைய தடத்து பஸ் திருப்பத்தில் வேகம் குறைத்து, நீளமாக ஹாரன் அடித்தது. "டேய், எனக்கு ஹாரன் அப்புறம் அடி! வளைவுல கண்ணாடியைப் பாருடா!" என்று தெரு அதிரக் கத்தினார்.

டூட்டிக்குக் கிளம்பிய நர்ஸம்மா அவரைத் தாண்டி நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பி வந்து தன் குடையை அவர் மடியில் போட்டார்.

"வெயில் ஏறினா விரிச்சுக்கோங்க."

ஒன்பது நாளில் கணவரிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.