கவிழ்த்து வைத்த கிண்ணம்

கவிழ்த்து வைத்த கிண்ணம் நிமிர்ந்திருந்தது.

அல்த்ரூதா அடுப்படியில் நின்று அதையே பார்த்தாள். விளிம்பில் சில்லு போன பழைய மண்கிண்ணம். மத்தியானம் அவள் கையாலேயே கவிழ்த்தது. பூனை வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கோட்டைச் சமையற்கட்டில் பூனைக்கா பஞ்சம்? ஆனால் பூனை தள்ளும், உருட்டும், உடைக்கும். நிமிர்த்தி வைக்காது. மறுபடி கவிழ்த்துவிட்டு, கையை முந்தானைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

இறந்தவர்களின் நாளுக்கு முந்தின மாலை அது. அன்றைக்கு நேப்பிள்ஸில் எந்த வீட்டிலும் அடுப்போரம் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்காமல் விடமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து போனவர்கள் நெடுவழி நடந்து தாகத்தோடு வருவார்கள், குடித்துவிட்டுப் போவார்கள். வருஷம் தவறாமல் வைத்தவள்தான் அல்த்ரூதாவும். இந்த வருஷம் வேண்டுமென்றே வைக்கவில்லை.

"தண்ணி ஊத்தலியா அக்கா?" என்றாள் பெர்னா. பாத்திரம் தேய்ப்பவள், அன்றைக்கு நல்ல பாவாடை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, ஊர்வலம் பார்க்கக் கிளம்பி நின்றாள்.

"யாருக்கு ஊத்தணும்?"

"என்னக்கா இப்படிக் கேக்குற. உம்புள்ள லந்தோல்ஃபோவுக்குத்தான்."

"எம்புள்ளைக்கு இனிமே தாகமே எடுக்காது. நீ போ, புது ராஜாவ யானை கணக்கா அலங்காரம் பண்ணிக் கூட்டிட்டு வருவாங்களாம், போய்ப் பாரு."

பெர்னா வாசல்வரை போய் நின்றாள். "அக்கா, அன்னைக்கு உன்னைக் காரியஸ்தர் கூப்பிட்டப்ப, அந்த ரெண்டு எலும்பு மூட்டையையும் நான்தானே கட்டினேன். பயப்படாதே. எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன்." முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள். பாவம், நல்லவள் என்று நினைத்துக்கொண்டாள் அல்த்ரூதா.

ஊர்க்கோயில் மணியெல்லாம் ஒன்றாக அடித்தன. ஜெர்மன் வம்சத்துப் பையனுக்கு இன்று முடிசூட்டு. அரியணைக்காக அவனோடு மோதிய பிரெஞ்சு ராஜாவின் தலை ஒரு மாதத்துக்கு முன்பு சந்தையில் விழுந்தது. எல்லாம் ஒரு பகல் போரில் முடிவான கதை. தன் உயரமும் தோளும் உள்ள ஒருவனுக்குத் தன் அங்கியையும் தலைக்கவசத்தையும் மாட்டி முன்னால் நிறுத்திவிட்டு, பிரெஞ்சுக்காரன் குதிரைப்படையோடு குன்றுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். பொய் ராஜா விழுந்ததும் ஜெர்மன்காரர்கள் ஜெயித்துவிட்டோம் என்று கொள்ளைக்குக் கலைவார்கள், அப்போது பாயலாம் என்பது கணக்கு. கலைந்திருந்தால் அந்தப் பையனின் தலைதான் சந்தையில் உருண்டிருக்கும். ஆனால் ஒரு கிழட்டுத் தளபதி விழுந்தவனின் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டான். உள்ளே இருந்தது சமையற்காரி மகன்.

லந்தோல்ஃபோ உடனே சாகவில்லை. வயிற்றில் ஈட்டியோடு ஒரு பகல் முழுக்க வெயிலில் கிடந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறான். "ராஜாவுக்கு மது வருது, பொறு" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பார்த்த கோவேறு கழுதைக்காரன் வந்து சொன்னான். அல்த்ரூதா சிரித்தவர்களை வையவில்லை. அந்த அங்கியை மாட்டிவிட்டவனைத்தான் வைதாள். அன்றிலிருந்து அவள் வயிறு எரிந்தது, அணையவேயில்லை.

பிறகு அந்த ராஜாவே பிணமாக அவள் கைக்கு வந்தான். அந்நிய மண்ணில் செத்த ராஜாவை மதுவில் வேகவைத்து, சதையைக் களைந்து, எலும்பைப் பட்டில் கட்டிச் சொந்த ஊருக்கு அனுப்புவது அரச மரியாதை. தோற்றவனுக்கும் அதைச் செய்யும்படி பையனின் ஆட்கள் சொன்னார்கள். கோட்டையிலேயே பெரிய கொப்பரை அவளிடம் இருந்தது. கிராம்பும் காடியும் போட்டுக் கிண்டும்போதே அவளுக்கு யோசனை வந்துவிட்டது. இவனுக்குப் பளிங்குக் கல்லறை, காலத்துக்கும் துறவிகளின் ஜெபம். என் பிள்ளைக்கு ஆற்றங்கரையில் ஒரு குழியா? கழுதைக்காரனை அனுப்பி மகனைத் தோண்டி எடுத்துவரச் சொன்னாள். அதே கொப்பரை, அதே மது. ஆறினதும் மகனின் எலும்பைப் பட்டின் மேலும் ராஜாவின் எலும்பைச் சாக்கின் மேலும் குவித்தாள். அதற்குள் காரியஸ்தர் கூப்பிட்டார்; போய்த் திரும்பியபோது பெர்னா இரண்டையும் கட்டி வைத்திருந்தாள். பட்டு மூட்டை ஈயப் பெட்டிக்குள் போய்க் கப்பலேறிவிட்டது. சாக்கு மூட்டையின்மேல் காறித் துப்பி, காலால் உதைத்துப் பின்முற்றத்துப் பன்றிக் குழியில் தள்ளினாள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மணியோசை நின்றது. கூட்டம் கோயிலுக்குள் போயிருக்கும். சமையற்கட்டில் இருட்டு மூலைகளிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, தொங்கும் பூண்டுச் சரங்களையும் சுவரோரம் சாய்ந்திருந்த கொப்பரையையும் ஒவ்வொன்றாக விழுங்கியது. அடுப்பில் மட்டும் கொஞ்சம் கங்கு. அப்போதுதான் அவளுக்கு அந்த வாடை தெரிந்தது. கிராம்பு, காடி, வெந்த மது. சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்த கொப்பரையிலிருந்து வரவில்லை. பின்முற்றத்துக் கதவின் அடியிலிருந்து வந்தது.

பன்றிகள் சத்தமே காட்டவில்லை. தீனி நேரத்தில் ஊரையே கூட்டும் பன்றிகள்.

பிறகு ஒரு சத்தம். கூடையில் மரக்கரண்டிகளைப் போட்டு யாரோ தூக்கிக்கொண்டு நடப்பதுபோல. கலகலத்தது, நின்றது. மறுபடி கலகலத்தது.

 அவளுக்குப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, சந்தோஷம். அந்த ராஜாவும் வருகிறானா தண்ணீர் கேட்டு? வரட்டும். தாழ்ப்பாளைப் போடவில்லை. குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். தவலையைக் கவிழ்த்தாள். காய் கழுவின தண்ணீரைக்கூட விடவில்லை. சமையற்கட்டுக்குள்ளேயே இருந்த கிணற்றின் கயிற்றைக் கறிவெட்டும் கத்தியால் ஒரே போடு போட்டாள். வாளி ஆழத்தில் போய் விழும் சத்தம் கேட்டது. கடைசியாகக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். கவிழ்ந்தேதான் இருந்தது.

கதவு திறந்தது. காற்றில் திறப்பதுபோல இல்லை. ஆள் வந்து திறப்பதுபோல, மெதுவாக, நிலையில் இடிக்காமல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவரோடு சுவராக ஒட்டினாள். கலகலப்பு அவளைத் தாண்டி அடுப்போரம் போனது. குனிந்தது. தரையில் மண் உரசும் ஓசை. கிண்ணம் நிமிர்ந்தது.

வந்தது காத்து நின்றது.

"தாகமா ராசா?" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "எம்புள்ளயும் கேட்டான். பகல் பூராக் கேட்டான். மது வருது, பொறு."

 பல்லோடு மண்விளிம்பு உரசியது. ஒரு முறை. இன்னொரு முறை. வெறும் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது.

"ஒரு சொட்டு கிடையாது உனக்கு. இந்தக் கோட்டையிலயே கிடையாது. கெட. காஞ்சு கெட."

அது எழுந்தது. அவள் பக்கம் வந்தது. வாடை முகத்தில் அடித்தது. எதிரிலேயே நின்றது. அடிக்கவில்லை, தொடவில்லை. கேட்டுப் பழகிய ஒருவர் நிற்பதுபோல நின்றது.

அல்த்ரூதா கண்ணைத் திறந்தாள்.

கங்கின் வெளிச்சத்தில் முதலில் கிண்ணம்தான் தெரிந்தது. அவளுக்கு நேராக நீட்டியிருந்தது. அதைப் பிடித்திருந்த எலும்புக் கை. சேறு. பன்றி கடித்த தடம்.

சுண்டுவிரல்.

உள்பக்கமாக மடங்கி, கோணலாகக் கூடின சுண்டுவிரல். நாலு வயசில் பாதாம் இடிக்கிற உலக்கை அதன்மேல் விழுந்தது. மரச் சிம்பு வைத்துக் கட்டினவள் அவள்தான். நேராக்க முடியவில்லை.

எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன். தலை போய்விடும் என்ற பயத்தில் பெர்னா ராஜாவை ராஜாவின் பட்டிலேயே கட்டிவிட்டாள். சாக்கில் இருந்தது இவன். அவள் துப்பியது இவன்மேல். உதைத்தது இவனை.

"லந்தோ" என்றாள். "கண்ணு. பொறுடா. இரு. அம்மா தர்றேன்."

குடத்தைத் தூக்கினாள். காலி. தவலை. காலி. கிணற்றுக்கு ஓடி, அறுந்த கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கைநீளம்தான் வந்தது. கீழே, வெகு ஆழத்தில், தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டது. சாக்கடைக் கல்லில் மண்டியிட்டு உள்ளங்கையால் ஈரத்தை வழித்தாள். கல் உறிஞ்சிவிட்டிருந்தது.

பின்னால் கலகலப்பு நெருங்கியது. அவள் பக்கத்திலேயே அதுவும் மண்டியிட்டது, சின்ன வயசில் அவன் மாவு பிசையும்போது வந்து உட்கார்வதுபோல. கோணல் சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனது. சாய்த்தது. எதுவும் வரவில்லை. மறுபடி அவளிடம் நீட்டியது.