அணைந்த நெருப்பு

கூடத்தில் புகை வாசனையே இல்லை. கர்மானியாவின் ஆளுநர் அஸ்பதாதன் மதிய உறக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தபோது, இரவு பகலாகக் காய்ந்த விறகும் நறும்பிசினும் தின்று எரிந்த புனித நெருப்பின் பீடத்தில் சாம்பல்தான் கிடந்தது, சாளரத்து வெயில் அதன்மேல் சாய்ந்திருந்தது, தொட்டால் சில்லென்றிருந்தது.

மன்னர் இறந்தால்தான் அதை அணைப்பார்கள்.

அவன் நெஞ்சு படபடத்தது. பயத்தில் அல்ல. கிழக்கே படையெடுத்துப் போன பேரரசன் பாலைவனத்தில் மாண்டிருப்பான் என்று கணக்குப் போட்டு, அவன் கொடுத்த பதவியில் இருந்துகொண்டே தனிப்படை திரட்டியிருந்தான் அஸ்பதாதன். பேரரசன் திரும்பினால் தலை தப்பாது. காலையில் அரச தூதன் ஒருவன் வந்ததாகக் காதில் விழுந்தது. இந்தச் செய்தியாகத்தான் இருக்கும். பெட்டியின் அடியிலிருந்து, மன்னர் மட்டுமே நிமிர்த்தி அணியும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

முற்றத்தில் கத்தரி ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தான். துக்கத்துக்குக் குதிரையின் பிடரி மயிரை வெட்டிக்கொண்டிருந்தான் லாயக்காரன். அஸ்பதாதனுடைய செந்நிறக் குதிரைக்கு மட்டும். மற்றவை அப்படியே நின்றன.

நெருப்புக் காவலன் வஹுகன் நெருப்பில் மூச்சு படாதிருக்கக் கட்டும் துணியால் வாயை மூடியபடி உள்ளே வந்தான்.

“மன்னர் எப்போ போனாராம்?”

“நல்லா இருக்காராம் ஐயா. மூணு நாள்ல இங்க வந்துருவாரு.”

“அப்ப நெருப்ப ஏன்டா அணைச்ச?”

வஹுகன் தொப்பியையே பார்த்தான். “ராசாவாகணும்னு அவ்வளவு ஆசப்பட்டீங்க. கடைசி மரியாதையில கொற வைக்கலாமா?” குரலில் கேலி இல்லை. அழுதிருந்தான்.

“நான் உயிரோட இருக்கேன்டா.”

வஹுகன் வாசல் பக்கம் கை காட்டினான்.

நாய் வந்தது. கண்களுக்கு மேல் இரண்டு புள்ளிகள் உள்ள நாய். பிணத்தைப் பார்த்து, இறந்தது உறுதி என்று காட்டுவதற்காகவே வளர்க்கும் நாய். உயிருள்ளவனைக் கண்டால் குரைத்து விலகும்.

அஸ்பதாதன் கையை வீசினான். மூச்சை உரக்க விட்டான். சூ என்றான்.

நாய் பார்த்தது.

குரைக்கவில்லை. அவன் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

வஹுகன் தலையசைத்தான். சடங்கு முறைப்படி ஒரே வெள்ளைத் துணியில் மணிக்கட்டுகளைப் பிணைத்திருந்த இரண்டு பிணந்தூக்கிகள் உள்ளே வந்தார்கள். அஸ்பதாதனின் முகத்தைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தவனைத் தூக்குவதற்கு, தரையில் கிடப்பவனைத் தூக்குவதுபோல், மெதுவாகக் குனிந்தார்கள்.